அம்மாவின் இருமலும் செங்கல்பட்டு ஊசியும்

ஒரு சின்ன முன்குறிப்பு: நான் டாக்டர் இல்லை. டொராண்டோவில் ஓர் ஆய்வகத்தில் சளி மாதிரிகளில் இருந்து கிருமி வளர்த்துப் பெயர் சொல்லும் வேலை. ("கிருமி வளக்கவா அம்புட்டு தூரம் போன?" என்பது அம்மாவின் நிரந்தரக் கேள்வி.) அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டாம். இது வைத்தியக் குறிப்பு இல்லை, கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் வீட்டுக்கதை.

அம்மா 1978இல் கல்யாணமாகிப் போடியில் இருந்து மலையேறினார். போடிமெட்டு, பூப்பாறை தாண்டி சாந்தன்பாறை. ஏலத்தோட்டத்தில் லயம் வீடு. ஏலக்காய் மரத்தில் காய்க்கும் என்று நினைக்கிற நண்பர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். அது செடியின் தூரில், மண்ணோடு மண்ணாகப் படர்ந்த கொத்தில் காய்க்கும். ஈர மண்ணில் குத்தவைத்துத்தான் எடுக்க வேண்டும். மேலே மூட்டம், கீழே சேறு, சாயங்காலம் ஸ்டோரில் விறகு போட்டுக் காய் உலர்த்துகிற புகை. முப்பது வருஷம் அந்த வேலை. இன்றைக்கும் போடி, தேவாரம் பக்கத்துப் பெண்கள் விடிகாலை ஜீப்பில் அடைந்துகொண்டு அதே மலைக்குத்தான் போகிறார்கள்.

2009இல் அம்மாவுக்கு விடாத இருமல். சளியில் சிவப்புக் குச்சி தெரிகிறது, டிபி என்றார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஆறு மாதம் மாத்திரை. லயத்தில் தனி டம்ளர் கொடுத்தார்கள். 2013இல் மறுபடி இருமல், மறுபடி சிவப்புக் குச்சி. "மருந்த ஒழுங்கா சாப்பிடல" என்று திட்டிவிட்டு, இந்த முறை எட்டு மாதம், அதில் முதல் இரண்டு மாதம் ஊசி. அந்த ஊசிக்கு அப்புறம் அம்மாவுக்குக் காதில் ஓயாமல் வண்டு கத்துகிறது.

அந்த எட்டு மாதமும் வாரா வாரம் போன் பண்ணி நானும் திட்டினேன், "ஒரு வேளை கூட விடாம போடும்மா" என்று. இத்தனைக்கும் 2006இல் இருந்தே நான் இங்கே இந்த வேலையில் இருக்கிறேன். சிவப்புக் குச்சி எல்லாம் டிபி இல்லை என்று தினமும் ரிப்போர்ட் எழுதுகிறவன். அது என் அம்மாவுக்கும் பொருந்தும் என்று தோன்றவே இல்லை. ஊர் நோய் ஊர் நோயாகத்தான் இருக்கும் என்று மனது எங்கேயோ முடிவு கட்டியிருக்கிறது.

விடை வந்தது 2017இல், விசா வழியாக. சூப்பர் விசாவுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டல்லவா? எக்ஸ்ரேயில் நிழல். மூன்று நாள் சளி எடுத்து வளர்க்கப் போட்டார்கள். வளர்ந்து முடிவு சொல்ல எட்டு வாரம். (பெற்றோருக்கு விண்ணப்பித்து இந்த எட்டு வாரத்தில் மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படிப்பவர்களில் நிச்சயம் இருப்பீர்கள்.) வந்த முடிவில் டிபி இல்லை. வளர்ந்தது மைகோபாக்டீரியம் இன்ட்ராசெல்லுலேர். டிபி கிருமியின் ஒன்றுவிட்ட உறவு. நான் வாரத்துக்குப் பத்து தடவை தட்டச்சு செய்கிற பெயர்.

நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். 2009இல் வந்தது நிஜமாகவே டிபியாகக்கூட இருந்திருக்கலாம். டிபி தழும்பு விட்டுப்போன நுரையீரலில் இந்தக் கிருமிகள் குடியேறுவது சகஜம். எது முதல், எது பிறகு என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த இரண்டு முறையும் யாரும் வளர்த்துப் பார்க்கவில்லை.

ஏன் வளர்த்துப் பார்க்கவில்லை? இதைத் தேடிக்கொண்டு போனதில்தான் மெட்ராஸும் செங்கல்பட்டும் வந்து மாட்டின.

முதலில் அந்தச் சிவப்புக் குச்சி. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அதன் மேல் மெழுகு மாதிரி ஒரு தோல் உண்டு. சிவப்புச் சாயம் ஏற்றிவிட்டால், அமிலம் ஊற்றிக் கழுவினாலும் போகாது. மற்றக் கிருமிகள் நீலமாகிவிடும், இது மட்டும் சிவப்பாக நிற்கும். அருமையான பரிசோதனை, மலிவானது, மலைக்காட்டு ஆஸ்பத்திரியிலும் செய்யலாம். ஒரே சிக்கல், அந்த மெழுகுத் தோல் குடும்பச் சொத்து. மண்ணிலும் தண்ணீரிலும் குழாயின் உள்சுவரிலும் வாழ்கிற பங்காளிகள் எல்லாருக்கும் அது உண்டு. இன்றைய கணக்கில் அவை ஏறக்குறைய இருநூறு இனம். கண்ணாடிக்குக் கீழே பார்த்தால் எல்லாரும் ஒரே சாயல்.

இந்தப் பங்காளிகள் இருப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே தெரியும். ஆனாலும் நோயாளியின் சளியில் வந்தால் "தண்ணியில இருந்து கலந்திருக்கும்" என்று தட்டைத் தூக்கிப் போட்டார்கள். அரை நூற்றாண்டு அப்படித்தான் போயிற்று. டிபிக்கே மருந்தில்லாத காலத்தில் படுக்கையில் கிடப்பவருக்கு எந்தக் கிருமி என்று பிரித்து என்ன ஆகப் போகிறது?

மருந்து வந்த பிறகுதான் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின், 1952இல் ஐசோனியாசிட். சானடோரியத்தில் பக்கத்துக் கட்டில்காரர் தேறி வீட்டுக்குப் போகிறார், இவர் மட்டும் அதே மருந்தைத் தின்றுகொண்டு அப்படியே கிடக்கிறார் என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். 1953இல் அமெரிக்காவின் கன்சாஸ் நகரத்தில் பியூலர், போலாக் என்ற இருவர், வெளிச்சம் பட்டால் மஞ்சளாகிற ஒரு கிருமியை நுரையீரல் நோயாளிகளிடம் காட்டினார்கள். ஜார்ஜியா மாநிலத்து பேட்டி டிபி ஆஸ்பத்திரியில் இன்னொரு வகை திரும்பத் திரும்ப வந்தது. அதற்கு "பேட்டி கிருமி" என்றே பெயராயிற்று. அம்மாவுக்கு இருப்பது அதுதான். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திருவள்ளூர் பக்கம் மறுபடி வரும். 1959இல் எர்னஸ்ட் ரன்யன் இவற்றை நிறத்தையும் வளரும் வேகத்தையும் வைத்து நான்கு கூட்டமாகப் பிரித்தார். அதுவரை இவற்றை "அனாமதேய மைகோபாக்டீரியா" என்றுகூட எழுதியிருக்கிறார்கள். இப்போது என்டிஎம், அதாவது டிபி அல்லாத மைகோபாக்டீரியா. எது இல்லை என்பதை வைத்துத்தான் இன்னமும் பெயர்.

நிற்க. அதே ஐம்பதுகளில் நம் மெட்ராஸில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையத்தைத் தெரியாத தமிழர் குறைவு. 1928இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய காசநோய் இல்லத்தால் வந்த பெயர் அது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, நீண்ட ஓய்வு, இதுதான் அன்றைய வைத்தியம். நோயாளிகள் லட்சக்கணக்கில், கட்டில்களோ சொற்பம். இந்த நிலைமையில் 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கின. தலைமைக்கு வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர்.

அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. சானடோரியம் இல்லாமல், குடிசை வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் தேறுவார்களா? நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஒரு வருடம் சானடோரியம், மறு பாதிக்கு வீடு. மருந்து இருவருக்கும் ஒன்றே. வீட்டில் இருந்தவர்கள் சாப்பிட்டது குறைவு, உழைத்தது அதிகம், நெரிசலும் அதிகம். முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வருட முடிவில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. முடிவுகள் 1959இல் வெளிவந்தன. உலகமே சானடோரியங்களை மூட ஆரம்பித்ததற்கு இந்த மெட்ராஸ் ஆய்வு ஒரு முக்கியக் காரணம். (தனி டம்ளர் மட்டும் ஐம்பது வருஷம் கழித்தும் சாந்தன்பாறை லயத்தில் இருந்தது. அது எந்த ஆய்வையும் படிக்காது.)

என்னைக் கவர்ந்தது அதற்கு அப்புறம் அவர்கள் செய்தது. ஒரு வருடத்தோடு கணக்கை மூடவில்லை. அந்த நோயாளிகளை ஐந்து வருடம் பின்தொடர்ந்தார்கள். யார் உயிரோடு, யாருக்குத் திரும்ப வந்தது என்று பார்த்து 1966இல் எழுதினார்கள். அங்கேயும் வீடு தோற்கவில்லை. நோயாளி தேறினார் என்றால் என்ன அர்த்தம் என்பதற்கு இலக்கணம் எழுதிய ஊர்களில் நம் மெட்ராஸ் ஒன்று: மருந்தை முடி, கிருமி போகட்டும், ஐந்து வருடம் திரும்ப வராமல் இருக்கட்டும், குணம். இந்தியாவின் டிபி திட்டம் முழுக்க நின்றது இந்த அஸ்திவாரத்தில்தான். மலிவாகக் கண்டுபிடி, வீட்டிலேயே மருந்து கொடு, ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று பார். கோடிக்கணக்கான உயிர்களை அது காப்பாற்றியிருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் கோடிக்கணக்கானவருக்கான ஏற்பாட்டில் சிவப்புக் குச்சி தெரிந்தால் டிபி, அவ்வளவுதான். வளர்த்துப் பெயர் கேட்க நேரமும் கிடையாது, காசும் கிடையாது. நம் நாட்டில் சிவப்புக் குச்சி தெரிந்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு அது டிபியேதான் என்பதால் அந்தக் கணக்கு தப்பும் இல்லை. மிச்சமிருக்கிறவர்களுக்குத்தான் அது தப்பு.

இப்போது செங்கல்பட்டு. அதே சேத்துப்பட்டு மையத்தோடு சேர்ந்த கதைதான்.

பிறந்த குழந்தைக்கு இடது தோளில் போடுகிற பிசிஜி ஊசி நம் எல்லார் கையிலும் ஒரு தழும்பு விட்டிருக்கும். (இங்கே பிறந்த என் பிள்ளைகளுக்கு அது இல்லை. அவர்களுக்கு அது அப்பா கையில் இருக்கும் ஒரு வேடிக்கை.) பிரிட்டனில் 1950களில் செய்த சோதனையில் அந்த ஊசி எழுபது எண்பது சதவீதம் பாதுகாப்பு தந்தது. வேறு இடங்களில் அவ்வளவு இல்லை. எது உண்மை என்று ஒரே அடியில் தீர்த்துவிட, 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர்ப் பக்கம், உலகின் மிகப் பெரிய பிசிஜி சோதனையைத் தொடங்கினார்கள். 209 கிராமங்கள், 9 ஊர்கள், மூன்றரை லட்சத்துக்கும் மேல் ஜனங்கள். சிலருக்கு பிசிஜி, சிலருக்கு வெறும் ஊசி, யாருக்கு எது என்று போடுகிறவருக்கும் தெரியாது.

ஊசி போடும் முன் எல்லாருக்கும் தோலில் பரிசோதனை. ஒன்று டிபி கிருமிச் சாறு. இன்னொன்று, ஆமாம், பேட்டி கிருமிச் சாறு. ஜார்ஜியா ஆஸ்பத்திரியில் பெயர் வாங்கிய கிருமியின் சாற்றைத் திருவள்ளூர்க் கிராமத்துக் கைகளில் ஏற்றிப் பார்த்தார்கள். வளர்ந்தவர்களில் பெரும்பாலானோரின் கை தடித்தது. அதாவது அந்தக் கிருமியையோ அதன் நெருங்கிய உறவையோ அவர்கள் உடம்பு ஏற்கெனவே சந்தித்திருக்கிறது. வயல் சேற்றில் இறங்கி, கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது?

ஏழரை வருடத் தொடர் கணக்கு 1979இல் வெளியானபோது உலகமே அதிர்ந்தது. பெரியவர்களின் நுரையீரல் டிபிக்கு எதிராக பிசிஜி எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. 1999இல் வந்த பதினைந்து வருட முடிவும் அதையே சொன்னது. குழந்தைகளிடம் மட்டும் மிகக் குறைந்த அளவு பாதுகாப்பு. (ஊசியே வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பச்சைக் குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் டிபியை அது தடுக்கும். அதற்காகத்தான் ஊரில் இன்றும் போடுகிறார்கள்.)

ஏன் தோற்றது? சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது இந்தப் பங்காளிகள்தான். சுற்றுப்புறக் கிருமிகளே மக்களுக்குக் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தியைக் கொடுத்துவிட்டன, அதற்கு மேல் பிசிஜி சேர்க்க ஒன்றும் இல்லை என்பது வாதம். அதற்கப்புறம் அந்தச் சோதனைப் பகுதியின் மண்ணையும் தண்ணீரையும் வீட்டுத் தூசியையும் ஜனங்களின் சளியையும் எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் வகைவகையாக வந்தன. சளியில் வந்தவற்றில் பேட்டி கிருமியின் கூட்டமும் இருந்தது. 1994 வரைக்கும் இதைப் பற்றிக் கட்டுரைகள் வந்திருக்கின்றன.

எனக்கு உறுத்தல் இங்கேதான். இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை ஊர் ஊராகப் போய் எக்ஸ்ரே எடுத்து, நிழல் தெரிந்தவர்களின் சளியை வளர்த்துப் பார்த்த சோதனை அது. 2009இல் என் அம்மாவுக்குக் கிடைக்காத பரிசோதனை, 1970களில் திருவள்ளூர்க் கிராமத்துப் பாட்டிக்குக் கிடைத்தது. அந்தப் பாட்டியின் சளியில் டிபி அல்லாத கிருமி வந்தால் என்ன நடக்கும்? சோதனைக் கணக்கில் அவர் "நோயாளி" இல்லை, ஏனென்றால் எண்ண வேண்டியது டிபியை மட்டும். கிருமி கணக்கில் வந்தது, ஊசி ஏன் தோற்றது என்பதற்கு விளக்கமாக. அந்தக் கிருமியோடு இருமிக்கொண்டு இருந்தவர் ஐந்து வருடத்தில் என்ன ஆனார் என்பது அந்தச் சோதனை கேட்க வந்த கேள்வி இல்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. மூன்றரை லட்சம் பேரைப் பதினைந்து வருடம் பின்தொடர்வது மனிதர்கள் செய்கிற வேலையா! ஆனாலும் 193 பேரை வீடு தேடிப் போய் ஐந்து வருடம் விசாரித்த அந்த அக்கறை, இந்த நோய்க்கு நம் ஊரில் அன்று கிடைக்கவில்லை.

அந்தக் கேள்வியைப் பின்னாளில் வேறு நாடுகளில்தான் பெரிய அளவில் கேட்டார்கள். டிபி குறையக் குறைய, அதன் நிழலில் இருந்த இது வெளியே தெரிய ஆரம்பித்தது. நான் இருக்கிற ஒன்டாரியோவில் 1997இல் லட்சம் பேருக்கு 9 பேரிடம் இந்தக் கிருமிகள் கிடைத்தன. 2003இல் அது 14. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் பெஞ்சில் தினசரி விவகாரம்.

நோய்க்கு இரண்டு முகம் உண்டு என்றும் தெரிந்தது. ஒன்று புகைபிடித்தோ பழைய டிபியாலோ கெட்டுப்போன நுரையீரலின் மேல்பகுதியில் குழி பறிப்பது. அது பார்க்க அச்சு அசல் டிபி, வேகமாகவும் கெடுக்கும். மற்றொன்று மூச்சுக்குழல்கள் தொளதொளவென்று விரிந்து, சின்னச் சின்ன முடிச்சுகளோடு, மெல்ல நகர்வது. பெரும்பாலும் ஒல்லியான, வயதான, புகையே பிடிக்காத பெண்களுக்கு வரும். 1992இல் இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இதற்கு ஆஸ்கார் வைல்டு நாடகத்து லேடி விண்டர்மியர் பெயரை வைத்தார்கள். நாகரிகம் கருதி இருமலை அடக்கும் சீமாட்டிகளுக்கு வருகிறதோ என்று ஓர் ஊகம். நாடகத்தில் அந்த அம்மாள் இருமவே இல்லை என்று பிறகு மற்ற மருத்துவர்கள் கிண்டல் செய்தார்கள். ஊகமும் நிரூபணம் ஆகவில்லை. எங்கள் வீட்டு லேடி விண்டர்மியருக்கு இருமலை அடக்கிப் பழக்கமே கிடையாது, கங்காணிக்குக் கேட்கிற மாதிரித்தான் இருமுவார். :-)

சரி, மருந்து கொடுத்தால் என்ன ஆகிறது? 1990களில் கிளாரித்ரோமைசின், அசித்ரோமைசின் என்ற மருந்துகள் வந்த பிறகுதான் பேட்டி கிருமிக்கு உருப்படியான வைத்தியம் வந்தது. அதோடு ரிஃபாம்பிசின், எதாம்புடால் சேர்த்து, சளியில் கிருமி மறைந்த பிறகும் ஒரு முழு வருடம். மொத்தம் ஒன்றரை வருடம். டிபி மருந்துகளில் முக்கியமான ஐசோனியாசிட் இதன் முன்னால் ஏறக்குறைய செல்லாக்காசு. கன்சாஸ் மஞ்சள் கிருமி மட்டும் விதிவிலக்கு, அது டிபி மருந்துகளுக்கே பெரும்பாலும் அடங்கிவிடும். மைகோபாக்டீரியம் அப்ஸெஸஸ் என்று ஒன்று இருக்கிறது, அது எதற்கும் லேசில் அடங்காது.

இடையில் ஒன்று. ஊரில் மெடிக்கல் ஷாப்பில் இருமல் என்று சொன்னாலே மூன்று அசித்ரோமைசின் மாத்திரை கிழித்துக் கொடுத்துவிடுகிறார்கள். இந்த நோய் உள்ளவர்கள் அதைத் தனியாகத் திரும்பத் திரும்பச் சாப்பிட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். கையில் இருக்கிற முக்கிய ஆயுதமே போய்விடும். அதற்குப் பிறகு பிழைப்பு ரொம்பக் கஷ்டம். வீட்டில் பெரியவர்களுக்கு இரண்டாவது தடவை டிபி மருந்து ஆரம்பிக்கிறார்கள் என்றால் "சளியை வளர்த்து, என்ன இனம் என்று பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இப்போது ஊரில் மரபணுப் பரிசோதனை இயந்திரங்கள் வந்துவிட்டன. அவை டிபியை மட்டும் தேடும். குச்சி தெரிகிறது, ஆனால் இயந்திரம் டிபி இல்லை என்கிறது என்றால், இந்தச் சந்தேகம் வர வேண்டும்.

நீண்ட காலக் கணக்குகள் இப்படி இருக்கின்றன. 2014இல் டெக்சாஸில் ரிச்சர்ட் வாலஸ் குழு வெளியிட்ட ஆய்வில், முடிச்சு வகை நோயாளிகளில் நூற்றுக்கு 86 பேருக்கு மருந்தால் கிருமி மறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறதா? மறைந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் கிருமி மறுபடி தென்பட்டது. அந்தக் கிருமிகளின் மரபணுவைப் பார்த்தால், நாலில் மூன்று பங்கு பழைய கிருமியே இல்லை, புதிதாக வந்து ஒட்டிக்கொண்டது! டிபியில் திரும்ப வந்தால் மருந்தை விட்டாயா என்பது முதல் சந்தேகம். இங்கே நோயாளி ஒரு தப்பும் செய்திருக்க வேண்டியதில்லை. குளிக்கிற தண்ணீரிலும் தோட்டத்து மண்ணிலும் கிருமி இருந்துகொண்டே இருக்கிறது, விரிந்துபோன மூச்சுக்குழல் மறுபடி இடம் கொடுத்துவிடுகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2017இல் சியோலில் இருந்து வந்த ஒரு கணக்கு. ஏறக்குறைய ஐந்நூறு நோயாளிகளில் அறுபது சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டோருக்கு மூன்று வருடத்துக்குள் நோய் முற்றி மருந்து தேவைப்பட்டது. கால்வாசிப் பேர் மருந்தே இல்லாமல் மூன்று வருடமும் அதற்கு மேலும் அப்படியே நின்றார்கள். அப்படி நின்றவர்களிலும் பாதிப் பேருக்கு மருந்தில்லாமலேயே கிருமி மறைந்துவிட்டது. எல்லாருக்கும் உடனே மருந்து வேண்டியதில்லை என்பதை நான் அம்மாவுக்குப் புரியவைக்கப் பட்ட பாடு இருக்கிறதே!

கடினமான எண்ணையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2018இல் ஜெர்மனியின் ரோலண்ட் டீல் குழு பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பேட்டி கிருமிக் கூட்டத்தால் நுரையீரல் நோய் வந்தவர்களில் ஐந்து வருடத்துக்குள் நூற்றுக்கு 27 பேர் இறந்திருந்தார்கள். ஓர் ஆய்வில் பத்து, இன்னொன்றில் நாற்பத்தெட்டு என்று பெரிய இடைவெளி. எல்லாரும் இந்தக் கிருமியாலேயே போனவர்கள் இல்லை. பலருக்கு வயது, வேறு நுரையீரல் நோய், இதயநோய். குழி விழுந்த நுரையீரல், எலும்பும் தோலுமான உடம்பு, முதிர்ந்த வயது, ஆணாக இருப்பது, இவை எல்லாம் எண்ணை மேலே தள்ளும். அம்மாவுக்குக் குழி இல்லை, ஆண் இல்லை. எடை நாற்பத்தொன்று. இந்த நாலு வரியை நான் அவரிடம் இதுவரை சொன்னதில்லை. ரிப்போர்ட்டில் ஊர்பேர் தெரியாத யாருக்கோ தட்டச்சு செய்யும்போது இப்படி விரல் நின்றதில்லை.

அம்மாவுக்கு 2017 கடைசியில் மதுரையில் ஒரு நெஞ்சுநோய் மருத்துவர் மூன்று மருந்தையும் ஆரம்பித்தார். "இது தொத்தாதும்மா, தனி டம்ளர் எல்லாம் வேண்டாம்" என்று அவர் சொன்னதும் அம்மா அங்கேயே அழுதுவிட்டாராம். எட்டு வருஷம் பேரப்பிள்ளைகளைக் கட்டிப்பிடிக்கப் பயந்தவர். ஐந்தாம் மாதம் கிருமி மறைந்தது. இடையில் இங்கே வந்து ஒரு கோடைக்காலம் இருந்துவிட்டும் போனார். 2019இல் மருந்தை நிறுத்தினார்கள். நான் சேத்துப்பட்டு இலக்கணப்படி ஐந்து வருடத்தை எண்ண ஆரம்பித்தேன்.

2022 அக்டோபரில் சாந்தன்பாறை கள்ளிப்பாறை மலையில் நீலக்குறிஞ்சி பூத்தது, ஞாபகம் இருக்கிறதா? ஊரே திரண்டு போனது. அம்மாவும் போடியில் இருந்து ஜீப் பிடித்துப் போனார், பழைய லயத்துச் சிநேகிதிகளோடு. சரிவில் பாதியில் உட்கார்ந்துவிட்டார், மூச்சு வாங்குகிறது என்று. அடுத்த மாதம் சளியில் மறுபடி கிருமி. அதே பெயர். பழையதா புதியதா என்று மரபணு பார்க்கவில்லை.

"நான் ஒரு வேளை கூட விடல ஏப்பா, சாமி சத்தியமா" என்றார் போனில். 2013இல் நான் திட்டியது அவருக்கு மறக்கவில்லை. "நீ ஒண்ணும் பண்ணலம்மா" என்றேன். அதை அவர் நம்புவதற்கு ஒரு மாதம் ஆயிற்று.

மருத்துவர் உடனே மருந்து ஆரம்பிக்கவில்லை. முடிச்சுகள் பெரிதாகவில்லை, குழி இல்லை, பார்த்துக்கொண்டு இருப்போம் என்றார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சளி, வருடத்துக்கு ஒரு ஸ்கேன், காலையும் மாலையும் சளியை வெளியே கொண்டுவர மூச்சுப் பயிற்சியும் ஊதுகிற ஒரு சாமானும். "நாதஸ்வரம்" என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார். முட்டையும் கடலையும் கட்டாயம். அதற்கப்புறம் மூன்று முறை கிருமி வந்தது, இரண்டு முறை வரவில்லை, மறுபடி வந்தது. எடை இப்போது நாற்பத்திரண்டரை.

நேற்றுக் காலை, அவருக்குச் சாயங்காலம், போன் வந்தது. டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்தாராம். "எட்டு வாரம் ஆகுமாம்ப்பா. அங்கன உன் டப்பாலாம் எப்ப முடியுது?" என்றார். எங்களுக்கும் எட்டு வாரம்தான் என்றேன்.